ஸ்டேஷன் வாகனும் அதன் அன்பர்களும்

பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றிக் காக்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. அவ்வாறு காக்கப்படுவன பெரும்பாலும் செல்வர் ஏறிய சொகுசுக் கார்களும், பந்தயத்தில் ஓடிய விரைவுக் கார்களுமே ஆகும். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு சாரார், பள்ளிப் பிள்ளைகளையும் கடைச் சாமான்களையும் வீட்டு நாயையும் ஏற்றிச் சென்ற நீண்ட குடும்ப வண்டியொன்றைத் தேடிப் பிடித்துப் பேணி வருகின்றனர். அதற்கு ஸ்டேஷன் வாகன் என்று பெயர். அழகுக்கோ வேகத்துக்கோ புகழ் பெறாத இவ்வண்டியின்மீது அவர்களுக்கு அத்துணைப் பற்று ஏன்? நேயர்களே, அதனைச் சற்று ஆராய்வோம்.

பெயரிலேயே அதன் பிறப்பு வரலாறு அடங்கியுள்ளது. மோட்டார் பெருகத் தொடங்கிய நாளில், அமெரிக்காவில் நெடுந்தூரப் பயணம் என்றால் ரயில் பயணமே. ரயிலிலிருந்து இறங்கியவர்களையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் நிலையத்திலிருந்து விடுதிக்கோ நாட்டுப்புற மாளிகைக்கோ கொண்டு சேர்க்க ஒரு வண்டி வேண்டியிருந்தது. நம் ஊர் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா செய்த வேலையை அங்கே அது செய்தது. ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி காருக்குரிய அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் மரத்தால் கூண்டு கட்டி, பலகை இருக்கைகளை அமைத்துக் கொடுத்தனர் வண்டி கட்டும் தொழிலாளர். 1929-ஆம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனியே தன் மாடல் ஏ வரிசையில் ஸ்டேஷன் வாகனையும் சேர்த்து விற்கத் தொடங்கியது. மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுண்டன் என்னும் ஊரில் அக்கம்பெனிக்குச் சொந்தக் காடுகளும் மர ஆலையும் இருந்தன. மேப்பிள், பிர்ச் முதலிய உறுதியான மரங்கள் அங்கிருந்து வந்தன. எஞ்சிய மரத்துண்டுகளைக் கரியாக்கி, கட்டிகளாக அழுத்தி அடுப்புக்கு விற்றதும் அக்கம்பெனியே.

மரக்கூண்டு கண்ணுக்கு இனியதுதான். ஆயினும் அது மழையில் ஊறும், வெயிலில் பிளக்கும், ஆண்டுதோறும் வார்னிஷ் பூசாவிடில் உளுத்துப் போகும். எனவே எஃகுத் தகட்டால் கூண்டு செய்யும் முயற்சி எழுந்தது. 1946-இல் வில்லிஸ் கம்பெனியார் தம் ஜீப்பின் அடிப்படையில் முழுவதும் எஃகாலான ஸ்டேஷன் வாகனைக் கொணர்ந்தனர். 1949-இல் பிளிமத் கம்பெனியின் சபர்பன் அதே வழியில் வந்தது. உண்மையான மரக்கூண்டு கொண்ட கடைசி அமெரிக்க வாகன் 1953-ஆம் ஆண்டின் பியூக் ரோட்மாஸ்டர் ஆகும். மரம் மறைந்த பின்னும் மக்கள் மரத்தோற்றத்தை விட மனமில்லாதவராயினர். ஆகவே ஃபோர்டின் கன்ட்ரி ஸ்குவையர் போன்ற வண்டிகளில் எஃகின்மேல் மரவரி அச்சிட்ட படலத்தை ஒட்டி, ஓரங்களில் மரம் போன்ற சட்டம் வைத்து விற்றார்கள். இப்போலி மரம் நாற்பது ஆண்டுகள் நீடித்தது!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் குடும்பங்கள் நகரங்களை விட்டுப் புறநகர்களில் குடியேறின. பிள்ளைகள் பெருகினர். 1956-இல் இயற்றிய சட்டத்தின்படி 41,000 மைல் நீளமுள்ள நெடுஞ்சாலைகளை அமைக்கத் திட்டமிட்டனர். ரயில் நிலையத்துக்குப் போய்வரப் பிறந்த வண்டி, ரயிலுக்கே போட்டியாயிற்று. விடுமுறையில் குடும்பம் முழுவதும் ஏறிக்கொண்டு ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மலையையும் அருவியையும் காணப் புறப்பட்டது.

பெரிய வாகன்களின் அமைப்பில் நல்ல சிந்தனை இருந்தது. மூன்று வரிசை இருக்கைகளில் எட்டு அல்லது ஒன்பது பேர் அமரலாம். 1957-இல் கிரைஸ்லர் கம்பெனி மூன்றாம் வரிசையைப் பின்னோக்கித் திருப்பி வைத்தது. அதில் அமர்ந்த பிள்ளைகள், பின்னால் வரும் கார்க்காரர்களுக்குக் கையசைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தனர். அன்பர்கள் பலரிடம் கேட்டால், இவ்வண்டியின் மீது கொண்ட ஆசைக்கு முதற் காரணமாக அப்பின்னிருக்கையையே சொல்வர். இருக்கைகளை மடக்கிவிட்டால் நாலடி அகலமும் எட்டடி நீளமும் உள்ள ஒட்டுப்பலகை தட்டையாகத் தரையில் படியும். வீடு கட்டுவோருக்கு அங்கே அதுவே வழக்கமான அளவு. வாங்க வருவோர் வண்டியின் இடத்தை அளந்து பார்க்கும் கோலாகவும் அப்பலகையே இருந்தது. பின்கதவிலும் புதுமைகள் தோன்றின. 1966-இல் ஃபோர்டு அமைத்த கதவு, சாமான் ஏற்றக் கீழ்நோக்கியும் ஆள் ஏறப் பக்கவாட்டிலும் இருவகையாகத் திறந்தது. 1971 முதல் 1976 வரை ஜெனரல் மோட்டார்ஸ் செய்த பெரிய வாகன்களிலோ, கண்ணாடி மேலேறிக் கூரைக்குள் புகும்; கதவு கீழிறங்கித் தரைக்கடியில் மறையும். அவ்வண்டிகளில் சில 19 அடி நீளமும் ஏறத்தாழ 5,000 பவுண்டு எடையும் உடையவை.

இவ்வளவு பெரிய வண்டி எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று நேயர்கள் கேட்கலாம். லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் ஓடினால் பெரிது! 1973-ஆம் ஆண்டின் இறுதியில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. 1975-இல் சட்டம் பிறந்தது. அதன்படி 1978 முதல், ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்கள் சராசரியாகக் காலனுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும் என்ற வரம்பு ஏற்பட்டது. முதலில் 18 மைலாக இருந்த வரம்பு 1985-இல் 27.5 மைலாக உயர்ந்தது. பெரிய வாகன்கள் உடல் மெலிந்தன. ஆனாலும் அச்சராசரியைக் கீழிழுக்கும் சுமையாகவே நின்றன.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அச்சட்டம் காருக்கு ஓர் அளவையும், சிறு லாரி வகைக்கு அதனினும் தளர்ந்த ஓர் அளவையும் வைத்தது. ஸ்டேஷன் வாகன் கார் வகையைச் சேர்ந்தது. 1983-இன் இறுதியில் கிரைஸ்லர் கம்பெனி அறிமுகப்படுத்திய மினிவேனும், பின்னர் பெருகிய உயரமான எஸ்.யு.வி. வண்டிகளும் லாரி வகையில் சேர்ந்தன. மினிவேன் இடவசதியிலும் வாகனை வென்றது என்பது உண்மையே. ஆயினும் பெட்ரோலைக் காக்க எழுந்த சட்டம், நீண்டு தாழ்ந்த வண்டியை ஒழித்து, உயர்ந்து கனத்த வண்டிக்கு வழிவிட்டது என்பதும் உண்மையே. கன்ட்ரி ஸ்குவையர் 1991-இல் நின்றது. ஷெவர்லே கப்ரீஸ், பியூக் ரோட்மாஸ்டர் ஆகிய கடைசிப் பெரிய வாகன்கள் 1996-இல் டெக்சஸ் மாநிலத்து ஆர்லிங்டன் ஆலையில் முடிவுற்றன. அவற்றைச் செய்த ஆலை, அதன்பின் லாரி வகை வண்டிகளைச் செய்யலாயிற்று.

இலட்சக்கணக்கில் ஓடிய வண்டிகள் இன்று அரியவையானது எங்ஙனம்? சொகுசுக் காரை உரியவர் துணி போர்த்திக் கொட்டகையில் வைப்பார். வாகனையோ யாரும் அவ்வாறு வைக்கவில்லை. பிள்ளைகள் அதன் இருக்கைகளைக் கிழித்தனர், நாய் சுரண்டியது, குளிர்நாட்டில் பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பு அடித்தகட்டை அரித்தது. குடும்பம் கழித்த பின், குழாய் வேலைக்காரரும் வர்ணம் பூசுவோரும் அதைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கருவிகளை ஏற்றினர். இறுதியில், கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டு நொறுக்கும் வேடிக்கைப் பந்தயத்துக்கு, கனத்த உடல் கொண்ட இவ்வண்டிகளே ஏற்றவை என்று பலவற்றைக் கொண்டுபோய் உடைத்தனர். பயன்பட்டுப் பயன்பட்டே அது மறைந்தது.

மரக்கூண்டு வாகன்களுக்கும் ஒருகாலத்தில் இதே கதி நேர்ந்தது. போருக்குப் பின் அவை பழசாகி விலை வீழ்ந்தபோது, கலிஃபோர்னியாக் கடற்கரையில் அலைச்சறுக்கு ஆடிய இளைஞர்கள் அவற்றை வாங்கினர். நீண்ட சறுக்குப் பலகையை உள்ளே வைக்க அவ்வண்டி வசதியாயிருந்தது, விலையும் மலிவு. இன்று அவற்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். மலிவென்று வாங்கியவர்களே அவற்றுள் பலவற்றை அழியாமற் காத்தனர்.

பெரிய வாகனை மீட்பது எளிய தொழிலன்று. என்ஜினும் முன்பாகமும் அதே கம்பெனியின் சாதாரணக் காருக்கும் பொது. ஆதலால் உதிரிப் பாகங்கள் கிடைக்கும். பின்பாதிதான் தொல்லை. பின்கதவு, வளைந்த பக்கக் கண்ணாடி, கதவுக்குள் இருக்கும் தண்டவாளமும் பற்சக்கரமும், மரவரிப் படலத்தின் ஓரச்சட்டம் ஆகியவை வாகனுக்கே உரியவை. அவற்றை இன்னொரு வாகனிடமிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே ஒன்றை ஓட வைக்க, ஓடாத இன்னொன்றைக் கொல்லையில் வைத்திருப்பது வழக்கம். எந்த ஆண்டு வண்டிக்கு எந்த ஆண்டுக் கதவு பொருந்தும், மழைநீர் எந்த இடுக்கில் நின்று துருவாகும் என்பன போன்ற நுட்பங்கள் கைப்பழக்கத்தால் வருவன. அவற்றை அறிந்த முதியோர் மறைந்தால், வண்டி இருந்தும் பயனில்லை. அன்பர்கள் கூடும்போது வண்டிகளைக் காட்டி மகிழ்வதோடு இவ்வறிவையும் ஒருவர்க்கொருவர் கொடுத்துக் கொள்கின்றனர். காக்கப்படுவதில் பாதி அதுவே.

இவ்வண்டிகளின் குறைகளை அவர்கள் அறியாதவரல்லர். எரிபொருட் செலவும் புகையும் அதிகம். பின்னோக்கிய இருக்கை, பின்னாலிருந்து மோதும் வண்டிக்கு மிக அருகில் இருக்கிறது. அந்நாளில் பிள்ளைகள் இருக்கைப் பட்டை கட்டிக்கொண்டதும் அரிது. எல்லாரும் மீண்டும் இதனையே ஓட்ட வேண்டும் என்று அவர்களில் அறிவுடையோர் சொல்வதில்லை. ஒரு தலைமுறை எவ்வாறு வாழ்ந்தது என்பதை அரசர் ஏறிய தேரைவிடத் தாய் ஓட்டிய வண்டியே நன்கு காட்டும் என்பது அவர்கள் வாதம்.

அவ்வாதம் நமக்கும் அயலானதன்று. மும்பையில் வாழும் நேயர்கள், கருப்பும் மஞ்சளுமாக ஓடிய பத்மினி டாக்சிகள் 2023-இல் சாலையை விட்டு நீங்கியதைக் கண்டிருப்பர். உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றதைக் கொல்கத்தா நேயர்கள் அறிவர். ஊர் விட்டு வந்தவர்கள் முதன்முதலில் மூட்டை முடிச்சுகளோடு ஏறியதும் அத்தகைய வண்டிகளிலேதான். நாள்தோறும் கண்ட பொருளை எவரும் பொருட்படுத்துவதில்லை. எங்கும் இருக்கும்வரை அது என்றும் இருக்கும் என்றே எண்ணுகிறோம். ஒன்றிரண்டையாவது ஓடும் நிலையில் வைக்க வேண்டுமானால், அவை மலிவாகவும் பலவாகவும் இருக்கும்போதே, அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் இருக்கும்போதே, அதற்கு முற்பட வேண்டும். ஸ்டேஷன் வாகன் அன்பர்களின் உழைப்பு நமக்குக் காட்டும் செய்தி இது.