கர்ப்பிணிகளும் ஹெபடைடிஸ் சி-யும்

நம் விருதுநகர் மாவட்டத்துத் தேவதானம் பக்கம் யாருக்காவது கண் மஞ்சளித்தால் முதலில் கீழாநெல்லியைத்தான் தேடுவார்கள். ஆனால் ஹெபடைடிஸ் சி-யில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளிப்பதே இல்லை. வைரஸ் வருடக்கணக்கில் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டிருக்கும். ஆள் வயலுக்கும் மில்லுக்கும் போய்வந்துகொண்டிருப்பார். கீழாநெல்லி இதைக் குணமாக்காது.

ரத்தம் வழியே வருவது

சாப்பாட்டிலோ தண்ணீரிலோ இது பரவாது. சுத்தமில்லாத ஊசி, பச்சை குத்தும் ஊசி, தொற்றுள்ள ரத்தம் ஆகியவைதான் முக்கிய வழிகள். தொற்றுள்ள ரத்தம் என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு வைரஸின் உதாரணம்: 2018 டிசம்பரில் நம் மாவட்டத்துச் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றியது நாட்டையே உலுக்கியது. 2019 ஜனவரியில் மதுரையில் அவருக்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை.

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குக் கர்ப்பத்திலேயே மருந்து உண்டு. ஹெபடைடிஸ் பி என்றால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போடலாம். ஆனால் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. இதைக் குணமாக்கும் மாத்திரைகளையும் கர்ப்ப காலத்தில் வழக்கமாகக் கொடுப்பதில்லை. அதனால்தான் முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவ்வளவு முக்கியம். மாசமாக இருக்கும்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் சி-யும் உண்டா என்று நர்சம்மாவிடம் கேளுங்கள். முன்பு ரத்தம் ஏற்றியிருந்தால், டயாலிசிஸ் செய்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

தொற்று என்று வந்தால்

பயந்துவிட வேண்டாம். முதல் சோதனை எதிர்ப்புப் பொருளைத்தான் காட்டும். வைரஸ் இப்போதும் ரத்தத்தில் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும். வைரஸ் இருந்தாலும், இப்படிப்பட்ட நூறு தாய்மாரில் ஐந்தாறு பேரின் குழந்தைக்கே தொற்றுகிறது. எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் அந்த அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சி-க்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் மாமியார்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை: பாலில் இது பரவாது. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்காமல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடலாம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதாலும் ஒன்றும் ஆகாது. மருமகளைத் தனியே ஒதுக்கிவைப்பது வெறும் கொடுமை.

பிரசவத்துக்குப் பிறகு

2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பொதுவாக 12 வாரம் மாத்திரை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுக் குணம். எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த குழந்தைக்கு முன் முடித்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு இந்த அபாயமே இல்லை.

பிறந்த பிள்ளையின் உடம்பில் தாயின் எதிர்ப்புப் பொருள் ஒன்றரை வயதுவரைகூடத் தங்கும். அதற்குள் எதிர்ப்புப் பொருள் சோதனையை எடுத்துவிட்டு வீணாகக் கலங்காதீர்கள். 18 மாதம் முடிந்ததும் எடுக்கலாம். முன்பே தெரிய வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்குப் பிறகு ஆர்.என்.ஏ. சோதனை உண்டு. தொற்று இருந்தாலும் சில பிள்ளைகளுக்குத் தானாகவே நீங்கிவிடும். நீங்காதவர்களுக்கு மூன்று வயதிலிருந்து மாத்திரை கொடுக்கலாம்.