அக்கரம்: தாய்க்கும் சேய்க்கும் ஒருசேர மருந்து

நாக்கில் படியும் பாலை ஈரத்துணியால் துடைத்தால் நீங்கிவிடும். கன்னத்தின் உட்புறம் வரை படர்ந்து, துடைத்தும் அகலாத வெண்படலமே அக்கரம். கேண்டிடா என்னும் பூஞ்சையால் வருவது. தாயின் முலைக்காம்பிலும் அது எரிச்சலை உண்டாக்கும். பால் கொடுத்து முடித்த பின்னும் வலி நீடிக்கும். குழந்தை சரியாகக் கவ்வாவிட்டாலும் வலி வருமாதலால், பரிசோதித்த பின்னரே மருந்து தருகிறோம்.

ஒருவருக்கு மட்டும் மருந்திட்டால் மற்றவரிடமிருந்து மீண்டும் தொற்றும். ஆகவே ஒருவரிடம் அறிகுறி இல்லாவிடினும் இருவருக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை அளிக்கிறோம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. படலம் மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு அது திரும்ப வருகிறது.

வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. வெங்காரம் நஞ்சு, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் ஆகாது.

சூப்பானையும் பால்புட்டியின் ரப்பர்க் காம்பையும் கொதிநீரில் இட்டெடுங்கள். மார்புக்கச்சையினுள் வைக்கும் துணி நனைந்தால் உடனே மாற்றுங்கள்.