டேங்க் கிளீனர் மீனைப் புரட்டிப் பாருங்கள்... வயிற்றில் இருக்கு அடையாளம்!

மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் 'டேங்க் கிளீனர்' மீனைத் தெரியாதவர்கள் குறைவு. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். வாங்கும்போது விரல் நீளம்தான். சில ஆண்டுகளில் ஒரு முழத்தை நெருங்கிவிடும். தொட்டி போதாது, கொல்லவும் மனம் வராது. 'ஆத்துல விட்டா பொழச்சுக்கும்' என்று தோன்றும்.

திருவானைக்காவலில் அப்படித் தோன்றுவது இன்னும் சுலபம். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரிய ஊர் வேறு. ஆனால், ஆற்றில் விட்டால் மீன் பிழைத்துக்கொள்ளும், சிக்கல் ஆற்றுக்குத்தான்!

எந்த மீன் அது?

தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன்களில் பல இனங்கள் உண்டு. கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்.

முதலில், முதுகுத் துடுப்பை விரித்து, முன்னால் உள்ள முள்ளை விட்டுவிட்டு மற்ற கதிர்களை எண்ணுங்கள். 7 இருந்தால் 'ஹைப்போஸ்டோமஸ்'. 9-க்கு மேல் இருந்தால் 'டெரிகோப்ளிக்திஸ்'. கடைகளில் அதிகம் விற்பது இரண்டாவதுதான்.

அடுத்து, மீனைப் புரட்டி வயிற்றைப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் 'பர்டாலிஸ்'. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிவதுபோல் கோடுகளாக ஓடினால் 'டிஸ்ஜங்டிவஸ்'. இரண்டும் கலந்த வயிறும் உண்டு. இவை கலப்பினமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மரபணுச் சோதனையில்கூட இந்த இரண்டும் பல நேரம் தெளிவாகப் பிரிவதில்லை.

ஆற்றுக்கு என்ன ஆகும்?

எந்த இனமானாலும் பாதிப்பு ஒன்றுதான். முட்டையிடக் கரையில் வளை தோண்டும், கரை சரியும். நம் ஊர் மீன்களுக்கான பாசியைத் தின்றுவிடும். உடம்பு முழுக்கக் கவசம்போல் தகடுகள்; வலையில் சிக்கினால் வலை கிழியும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பை வழியாகச் சுவாசித்துத் தப்பிவிடும். 2020-ல் வாரணாசியில், கங்கையிலேயே இந்த வகை மீன் பிடிபட்டது.

என்ன செய்யலாம்?

வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம். ஆற்றில் பிடிபட்டால் திரும்ப விட வேண்டாம். வயிறும் முதுகுத் துடுப்பும் தெரியும்படி படம் எடுத்து, மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள், ஒரு முழ மீனுக்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள்!