வளைகுடாக் கூரையில் ஒரு திசை அன்ரனா

எம்மவர் குடும்பங்களில் ஒருவர் இலண்டனிலும், இன்னொருவர் ரொறன்ரோவிலும், மற்றொருவர் துபாயிலோ தோஹாவிலோ வாழ, முதிய பெற்றோர் மட்டும் ஊரில் இருப்பது இன்று புதுமையன்று. உலக வரைபடத்தை விரித்து இந்த ஊர்களை ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால், தாயகத்துக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் வளைகுடா நாடுகள் நிற்பதைக் காணலாம். அங்கே ஒரு கூரையில் நிற்கும் திசை அன்ரனா தென்கிழக்கே திரும்பினால் தாயகம். வடமேற்கே திரும்பினால் நாம் தஞ்சம் புகுந்த நாடுகள். அமெச்சூர் வானொலியில் ஈடுபாடுடையோர் விரும்பி நாடும் இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது, அதனை நிறுவ எவை தேவை, பிறர் மண்ணில் வாழும் ஒருவருக்கு அது எந்த அளவுக்குச் சாத்தியம் என்பவற்றை இங்கு நோக்குவோம்.

மூன்று குழாய்களின் சூத்திரம்

அமெச்சூர் வானொலி என்பது வருமானம் கருதாமல், பரீட்சையில் சித்தியெய்தி, அரசின் உரிமம் பெற்றுத் தனிநபர்கள் நடத்தும் வானொலித் தொடர்பாகும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. அதன் முதல் எழுத்துகளே நாட்டைச் சொல்லிவிடும். ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு ஏ6, ஓமானுக்கு ஏ4, கட்டாருக்கு ஏ7, பஹ்ரைனுக்கு ஏ9, குவைத்துக்கு 9கே, இலங்கைக்கு 4எஸ், இந்தியாவுக்கு வி.யு. என்பன வழங்குகின்றன.

சாதாரண கம்பி அன்ரனா தன் இரு பக்கமும் ஒரே அளவில் அலைகளைப் பரப்பும். திசை அன்ரனாவோ அவற்றை ஒரு பக்கமாகத் திரட்டி அனுப்பும். ஜப்பானின் செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உடா, ஹிடெட்சுகு யாகி ஆகிய இருவரும் 1926இல் இதனை வெளியுலகுக்கு அறிவித்தனர். ஆய்வில் பெரும்பங்கு உடாவினுடையது. ஆயினும் 1928இல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை உலகெங்கும் பரவியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்து வீடுகளில் தூரதர்ஷனைப் பிடிப்பதற்கென நெடிய குழாய்களின் உச்சியில் இந்தியாவைப் பார்த்து நின்ற தொலைக்காட்சி அன்ரனாக்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவையும் இதே இனத்தவையே.

ஒரு நடுத்தண்டின் குறுக்கே மூன்று அலுமினியக் குழாய்கள் பொருத்தப்படும். வானொலிப் பெட்டியிலிருந்து வரும் வடம் நடுக்குழாயில் இணையும். பின்னால் சற்று நீளமான குழாய் அலைகளைத் தெறிக்கச் செய்யும். முன்னால் சற்றுக் குறுகிய குழாய் அவற்றை முன்னோக்கி இழுத்துச் செல்லும். இதன் பயனாக, 100 வாற் வலுவுடைய சிறு கருவியின் குரல் முன்திசையில் மூன்று நான்கு மடங்கு வலுவுடையது போல் ஒலிக்கும். பின்திசைக்குச் செல்வதோ, நல்ல அன்ரனாவாயின், முன்திசையின் நூறில் ஒரு பங்கு மட்டுமே. கேட்கும்போதும் இதே நியதிதான். பின்னாலிருந்து வரும் இரைச்சல் அடங்க, முன்னாலுள்ள மெலிந்த குரல் தெளிந்து வரும்.

பல அலைவரிசைகள் எதற்கு?

குறுகிய அலைகள் வானில் உயரே உள்ள அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பியே தொலைதூரம் செல்கின்றன. அம்மண்டலம் பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் இருக்கும். பகலில் 21, 28 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகள் உயிர்பெறும். பொழுது சாயச் சாய 14 மெகாஹேர்ட்ஸ் கைகொடுக்கும். இதற்கு மேலாக, ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏறி இறங்கும் சூரியப் புள்ளிகளின் சுழற்சியும் உண்டு. சூரியன் உச்சக் கட்டத்தை அடைந்துவிட்டதாக 2024 ஒக்ரோபரில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அறிவித்தது. உச்சம் தணியும்போது முதலில் நலிவது 28 மெகாஹேர்ட்ஸ். 14 மெகாஹேர்ட்ஸ் தாக்குப்பிடிக்கும். எனவே ஒரே அலைவரிசைக்கு உரிய அன்ரனாவை வாங்குவோர் சில ஆண்டுகளில் வருந்த நேரும்.

ஒரே குழாயை மூன்று அலைவரிசைகளுக்கு இசைய வைப்பதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. குழாயின் இடையிடையே கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த அடைப்புகள் பொருத்தப்படும். 28 மெகாஹேர்ட்ஸில் முதல் அடைப்பு கதவை மூடிவிட, உட்பகுதி மட்டும் இயங்கும். 21இல் அக்கதவு திறக்க, இரண்டாவது மூடும். 14இல் இரண்டும் திறந்து முழுக்குழாயும் இயங்கும். இவ்வகை அன்ரனாவின் நீண்ட குழாய் சுமார் 8 மீற்றரும் நடுத்தண்டு சுமார் 4 மீற்றரும் இருக்கும். அண்மைக் காலத்தில் பலர் நாடுவது அறுகோண அன்ரனா. கவிழ்க்காத குடை போல் மேல்நோக்கி வளைந்த ஆறு கண்ணாடியிழைக் கைகளில் கம்பிகளைக் கட்டிய இது, ஏறத்தாழ ஆறரை மீற்றர் விட்டத்துக்குள் 14, 18, 21, 24, 28 மெகாஹேர்ட்ஸ் ஆகிய ஐந்தையும் அடக்கிவிடும். பாரமும் குறைவு. கழற்றி மடித்து அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்பது எம்போன்றோருக்குப் பெரும் வசதி.

முகமும் முதுகும்

திசை அன்ரனா வைத்திருப்பவர் பூமி உருண்டையை நன்கு அறிந்திருக்க வேண்டும். துபாயிலிருந்து யாழ்ப்பாணம் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றாக ஏறத்தாழ 119 பாகையில், 3,100 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. இலண்டன் 317 பாகையில் உள்ளது. ரொறன்ரோவைத் தட்டையான வரைபடத்தில் மேற்கே தேடுவோம். உருண்டையின் மீது ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால் அது 329 பாகையில், வடக்கை ஒட்டியே கிடக்கும்.

இவ்வெண்களைச் சற்று ஆழ்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இலண்டனும் யாழ்ப்பாணமும் துபாயிலிருந்து ஏறத்தாழ நேர் எதிர்த் திசைகள். இலண்டனுக்கு முகம் கொடுத்து நிற்கும் அன்ரனா யாழ்ப்பாணத்துக்கு முதுகு காட்டி நிற்கின்றது. இரு பக்கத்தையும் ஒரே வேளையில் நன்றாகக் கேட்க இயலாது. சுழற்றும் மோட்டார் ஒன்று கம்பத்தின் கீழே பூட்டப்படுவது இதற்காகவே. முழுச்சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுக்கும் அம்மோட்டார், அரை நிமிடத்தில் ஊரின் பக்கம் திருப்பிவிடும்.

ஏற்றும் நாள்

உரிமம் இன்றி ஒரு குழாயையும் உயர்த்தலாகாது. அமீரகத்தில் தொலைத்தொடர்பு மற்றும் டிஜிட்டல் அரசாங்க ஒழுங்குமுறை ஆணையமே இதற்குப் பொறுப்பு. ஒலிபரப்பும் கருவியை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கும் அனுமதி வேண்டும். பின்னர் வீட்டு உரிமையாளரின் எழுத்துமூல இசைவு வேண்டும். விமான நிலையத்தை அண்டிய பகுதிகளில் உயரக் கட்டுப்பாடுகளும் உண்டு. இவற்றை மீறி வேலையையும் விசாவையும் இழப்பதற்கு எந்த அன்ரனாவும் தகுதியுடையதன்று.

நண்பர் ஒருவரின் வாடகை வீட்டுக் கூரையில் இதனை ஏற்ற நாம் நால்வர் ஒரு விடுமுறை நாள் முழுவதையும் செலவிட்டோம். மாசி மாதத்தை வேண்டுமென்றே தெரிந்தெடுத்தோம். ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை நண்பகல் 12.30க்கும் 3 மணிக்கும் இடையில் திறந்த வெளியில் வேலை செய்விப்பதை அமீரகச் சட்டம் தடை செய்கின்றது. அந்த வெயிலில் அலுமினியக் குழாயைக் கையால் தொடவும் முடியாது. குழாய்களைத் தரையில் பூட்டி, ஒவ்வொரு நீளத்தையும் இருமுறை அளந்து, நிலையலை விகிதத்தைத் தாழ்வாகவே வைத்துச் சோதித்த பின்னரே கயிற்றால் இழுத்தோம். மின்கம்பிகள் கம்பத்தின் உயரத்தை விடத் தொலைவில் இருத்தல் வேண்டும். இவ்விதியில் சமரசம் கூடாது. கூரைக்கு மேல் குறைந்தது சில மீற்றரும், நிலத்திலிருந்து பத்து மீற்றரும் உயரம் இருந்தால் 14 மெகாஹேர்ட்ஸ் அலைகள் தாழ்ந்த கோணத்தில் வெகுதூரம் செல்லும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆதலால் வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்றை எண்ணியே தாங்கு கம்பிகளைக் கட்டினோம்.

இருந்தும் ஒரு தவறு நேர்ந்தது. வட இணைப்பின் மேல் நீர்புகா நாடாவைச் சுற்றியதோடு அமைந்தோம். ஓராண்டுக்குள் கடற்காற்றின் உப்பும் இரவுப் பனியும் உள்ளே புகுந்து செம்பு பச்சை பூத்துவிட்டது. யாழ்ப்பாணப் பக்கம் மௌனமானபோது அயன மண்டலத்தையே நொந்துகொண்டோம். கம்பத்தில் ஏறிப் பார்த்த பின்னரே குற்றம் எமது கையில் என அறிந்தோம். மணற்புயலின்போது உலர்ந்த மணல் உராய்ந்து அன்ரனாவில் மின்னேற்றம் சேரும் என்பதையும் அங்கேதான் கற்றோம். அவ்வேளையில் வடத்தைக் கழற்றி விடுவதே முறை.

கையில் தொலைபேசி இருக்க இது ஏன்?

இக்கேள்வி நியாயமானதே. 1990களில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லாதிருந்த ஆண்டுகளை அனுபவித்தவர்களுக்கு விடை தெரியும். 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது வெளியுலகத் தொடர்புகள் அறுந்தன. அங்கிருந்த அமெச்சூர் வானொலியாளர்கள் வழியே செய்திகள் வெளிவந்தன. அவ்வேளையில் எம்மவரும் உட்பட ஆசியத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக அங்கே சிக்கியிருந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் என்னும் அம்மையாரின் தலைமையில் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த குழுவே தீவுகளின் குரலாயிற்று. இலங்கை வானொலிச் சங்கத்தினர் அம்பாந்தோட்டையில் நிலையம் அமைத்துக் கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினர்.

எனினும் இதை இலவசத் தொலைபேசியாக எண்ணிவிடலாகாது. இரு நாடுகளும் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, மூன்றாம் ஆளின் செய்தியைக் கடல் கடந்து காவுவதற்கு அனர்த்த காலங்களில் மட்டுமே சர்வதேச விதி இடம் தருகின்றது. பேசுவதை உலகமே கேட்கும், மறைமொழிக்கு இடமில்லை. அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளோர் உறவினரின் பெயரையோ முகவரியையோ வானலையில் உச்சரிக்கக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறோம்.

கூரை இல்லாதோருக்கு

ஓர் அறையில் பலராகத் தங்கும் தொழிலாளிக்குக் கம்பம் நட இடமில்லை. வளைகுடாவில் பெரும்பாலான எம்மவர் நிலை இதுவே. அவர்களுக்கும் வழியுண்டு. சுல்தான் காபூஸ் அவர்களே ஏ41ஏஏ என்ற அழைப்புக் குறியுடன் அமெச்சூர் வானொலியாளராய் இருந்த ஓமானில் 1972 முதல் சங்கம் இயங்குகின்றது. அமீரகம், கட்டார், குவைத் ஆகியவற்றிலும் சங்கங்கள் உண்டு. தனி அன்ரனா இல்லாதோர் சங்கத்தாரை அணுகிப் பழகலாம். 2018 நவம்பர் 15ஆம் திகதி ஏவப்பட்ட கட்டாரின் எஸ்ஹெயில்-2 செய்மதியில் அமெச்சூர்களுக்கென இரு மறு ஒலிபரப்பிகள் உள்ளன. நிலையான இடத்தில் நிற்கும் செய்மதியில் இத்தகையது அதுவே முதலாவது. பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை அதன் எல்லை விரிகின்றது. உரிமம் உள்ளவருக்கு அதனை எட்ட ஒரு சிறிய கிண்ண அன்ரனா போதும்.

பரீட்சைக்குக் கூரை தேவையில்லை. தங்கியிருக்கும் அறையிலேயே படித்துச் சித்தியெய்தலாம். கம்பம் பின்னர் வரும். நண்பரின் வீட்டுக் கூரையில் அன்ரனா இன்றும் நிற்கின்றது. மாலையில் ஐரோப்பாவுடன் பேசி முடித்ததும் அதனை 119 பாகைக்குத் திருப்பி வைத்துவிட்டே அவர் கருவியை அணைக்கிறார். அந்த நேரத்தில் அங்கிருந்து ஒருவரும் அழைப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.