டியூவர் என்னும் குடும்பப் பெயர்

ஸ்காட்லாந்து நாட்டுக் குடும்பப் பெயர்களுள் திருச்சபைப் பணிகளிலிருந்து பிறந்தவை பல. மக்நாப் என்பது ‘மடாதிபதியின் மகன்’ என்றும், மக்டகார்ட் என்பது ‘குருவின் மகன்’ என்றும் பொருள்படும். மக்பெர்சன், மக்விக்கர் என்பனவும் இவ்வகையினவே. மணத்துறவு பூண்டிருக்கவேண்டிய மடாதிபதிக்கு மகன் எங்ஙனம் வந்தான் என்று மாணவர் வினவக்கூடும். கேலிக் மொழி வழங்கிய பகுதிகளில் மடத்தின் தலைமை பல இடங்களில் ஒரு குடும்பத்தின் உடைமையாகவே தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. அத்தலைவர்களுள் பலர் குருப்பட்டம் பெறாதவர்கள்; பெயரளவில் மடாதிபதிகள், நடைமுறையில் நிலக்கிழார்கள். பெர்த்ஷயர் மலைநாட்டிலுள்ள கிளென்டோகர்ட் பள்ளத்தாக்கின் மடாதிபதி, 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட வில்லியம் மன்னனின் சட்டமொன்றில், பிரபுக்களோடு ஒருங்கே வைத்து எண்ணப்படுகிறார். மக்நாப் குடும்பத்தார் இம்மடாதிபதிகளைத் தம் முன்னோராகக் கொள்வர்.

இதே பள்ளத்தாக்கில் தோன்றியதுதான் டியூவர் என்னும் பெயரும். 1892இல் வெற்றிடக் குடுவையைக் கண்டுபிடித்த அறிவியலறிஞர் ஜேம்ஸ் டியூவராலும், 1999இல் ஸ்காட்லாந்தின் முதல் முதலமைச்சரான டொனால்ட் டியூவராலும் இப்பெயரை அறிந்தோர் உண்டு. மதுப்புட்டியின் மேலொட்டிய தாளில் இதைக் கண்டோரே மிகுதி என்பதை ஆயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. இப்பெயருடையோர் யாவரும் ஒரே வழியினர் அல்லர் என்பதையும் முதலிலேயே குறித்துவிடுதல் நன்று. மிட்லோதியன் பகுதியில் டியூவர் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் பெயரால் வழங்கிய குடும்பம் வேறு. நாம் இங்கு ஆராய்வது மலைநாட்டு டியூவர்களையே.

இப்பெயரின் வேர் ‘தியோரத்’ என்னும் பழைய ஐரிஷ் சொல். தன் நாட்டில் உரிமையோடு வாழ்பவனுக்கு எதிர்ச்சொல்லாக, வேற்றிடத்தான், நாடுவிட்டவன் என்ற பொருளில் அது வழங்கியது. நமது வேதாகமத் தமிழில் ‘பரதேசி’ என்பதே அதற்கு மிக நெருங்கிய சொல். கொலும்பா 563இல் அயர்லாந்தை விட்டுக் கடல் கடந்தது போல, ஆண்டவருக்காகச் சொந்த மண்ணைத் துறப்பதை ஐரிஷ் துறவியர் பெருந்தவமாகப் போற்றினர். ஐரிஷ் சட்ட நூல்கள் ‘தேவனுடைய பரதேசி’ என்று ஒருவனைக் குறித்து, அவனுக்கு உயர்ந்த மதிப்பை அளித்தன. குலமும் நிலமும் இல்லாதவனாதலால் அவனது சொல்லில் தன்னலம் இராது என்று கருதினர் போலும்.

அயர்லாந்திலிருந்து வந்த பிலன் என்னும் துறவி 8ஆம் நூற்றாண்டில் கிளென்டோகர்ட்டில் ஊழியம் செய்தார் என்பது மரபு. அவர் விட்டுச்சென்றவை எனக் கருதப்பட்ட ஐந்து புனிதச் சின்னங்களுக்கு ஐந்து காவலர் இருந்தனர். ஒவ்வொருவரும் ‘தியோரத்’ என்றே அழைக்கப்பட்டார். சின்னத்தைச் சுமந்துகொண்டு எல்லை கடந்து அலைபவர் என்பதால் இப்பெயர் வந்தது என்பது பொதுவான விளக்கம். ஐந்தனுள் தலையாயது பிலனின் ஆயர்கோல். வியப்பு யாதெனில், அக்கோலுக்கும் ‘கோய்க்ரிக்’, அதாவது அயலான், என்றே பெயர். சுமந்தவனும் பரதேசி, சுமக்கப்பட்டதும் பரதேசி.

காவலனின் கடமை யாது? 1428ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் கிளென்டோகர்ட்டில் 15 பேர் கொண்ட நடுவர் குழு இதை விசாரித்து முடிவு எழுதியது. கேலிக் மொழியில் ‘தியோரத்’ பெற்ற ஒலிப்பை ஒட்டிக் காவலனை அவ்வேடு ‘ஜோர்’ என்கிறது. பள்ளத்தாக்கில் நிலமுடையோர் ஒவ்வொருவரும் தத்தம் நில மதிப்புக்கேற்ப ஆண்டுதோறும் அவனுக்கு மாவு அளக்கவேண்டும். நிலம் எத்துணை மிகுந்தாலும் ஒரு வரம்புக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. (பெருநிலத்தார் தம் காணிக்கைக்கு வரம்பு கட்டிக்கொள்வது இன்று நேற்று தோன்றிய வழக்கமன்று.) இதற்கு ஈடாக அவன் செய்யவேண்டியது இது: ஒருவனது கால்நடையோ பொருளோ களவுபோய், பகைக்கு அஞ்சி அவன் தானே தேடிச் செல்லத் துணியாதபோது, நான்கு பென்னியோ ஒரு சோடி காலணியோ கொடுத்து, முதல் இரவுக்கு உணவும் அளித்துக் காவலனிடம் ஆளனுப்பலாம். காவலன் ஸ்காட்லாந்து அரசின் எல்லைக்குள் எங்காயினும் அக்களவைப் பின்தொடர்ந்து செல்லவேண்டும். கூலியாகக் காலணியே குறிக்கப்பட்டதிலிருந்து அவ்வூழியம் எத்துணை நடையை வேண்டிற்று என்பது விளங்கும். ஆடு தேடிச் செல்லும் மேய்ப்பனின் கோல், மலைநாட்டில் ஏழையின் மாட்டைத் தேடி உண்மையாகவே நடந்தது. பகையுள்ள இரு குலத்தாரிடையே அச்சமின்றிச் செல்ல எக்குலத்துக்கும் அயலான் ஒருவனே தகுதியுடையவன்.

ஆயினும் அதே ஏடு, பிலனின் வழிவந்த மடத்தலைவர் இப்பணியை அந்நாளைய காவலன் பின்லேயின் முன்னோனுக்குப் பரம்பரை உரிமையாக அளித்தார் என்றும் கூறுகிறது. மண்ணற்றவனுக்குரிய பெயர் இங்ஙனம் மண்ணோடு பிணைந்த ஒரு குடும்பத்தின் பட்டமாயிற்று. இது டியூவர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆங்கிலத்தில் சேகரத்தைக் குறிக்கும் ‘பாரிஷ்’ என்னும் சொல், கிரேக்க மொழியில் பரதேசியாய்த் தங்கியிருத்தலைக் குறித்த ‘பரோய்கியா’விலிருந்து வந்ததே.

1487இல் மூன்றாம் ஜேம்ஸ் மன்னன் மாலிஸ் என்னும் காவலனுக்கு ஒரு காப்புக் கடிதம் வழங்கினான். அவனது முன்னோர் ராபர்ட் புரூஸ் மன்னனின் காலத்திலும் அதற்கு முன்னரும் இச்சின்னத்தை வைத்திருந்தமையைச் சுட்டி, இது குறித்து அவன், பழைய உரிமை ஆவணங்களில் கண்டவாறன்றி, ஆவிக்குரிய அதிகாரிக்கோ உலக அதிகாரிக்கோ கீழ்ப்படியவேண்டியதில்லை என்று அது விதித்தது. திருச்சபையின் கோல் திருச்சபைக்கே கட்டுப்படாததாயிற்று! திருப்பணியைக் குடும்பச் சொத்தாக்குவதன் தீமைக்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. ஆனால் வரலாறு நம் தீர்ப்புக்கு எளிதில் இணங்குவதில்லை. 1560இல் சீர்திருத்தம் வந்தபோது மடங்கள் வீழ்ந்தன, சின்னங்கள் பல அழிந்தன. பிலனின் கோலோ மடத்தின் உடைமையாக இல்லாது ஒரு குடியானவன் வீட்டில் இருந்தமையால் தப்பியது.

பிலனின் மணி 1488இல் நான்காம் ஜேம்ஸின் முடிசூட்டு விழாவுக்கே கொண்டுசெல்லப்பட்டது. சுமந்தவனுக்கு 18 ஷில்லிங் கொடுத்த கணக்கு உள்ளது. பிற்காலத்தில் அது ஆலயமுற்றத்தில் காவலின்றிக் கிடந்தது. மனநோயாளரைக் குளத்தில் முழுக்காட்டி, ஆலயத்தில் கட்டிவைத்து, தலையில் அம்மணியைக் கவிழ்த்தனர். 1798இல் ஆங்கிலப் பயணி ஒருவர் அதை எடுத்துச் சென்றார். 1869இல்தான் அது திரும்பிற்று. காவலன் இருந்த கோல் நிலைத்தது. காவலன் அற்ற மணி தொலைந்து மீண்டது.

1782இல் வில்லியம் தாம்சன் என்னும் ஆக்ஸ்போர்டு மாணவர் கில்லின் ஊரில் கோலைக் கண்டார். அப்போது அதன் காவலன் நாட்கூலி வேலை செய்பவன். அவனுடைய 19 வயது மகன் காசநோயால் சாகுந்தறுவாயில் பக்கத்து அறையில் கிடந்தான். மாவு அளப்பார் இலர். மாட்டைத் தேடித்தரக் கேட்பாரும் இலர். எஞ்சியவை கோலும், அரசனின் கடிதமும், பெயருமே.

1818இல் ஆர்ச்சிபால்ட் டியூவர் அக்கோலுடன் கனடாவில் குடியேறினார். பரதேசி என்னும் பெயர் பல நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் மெய்ப்பொருள் பெற்றது அப்போதுதான். அங்குக் குடியேறிய மலைநாட்டார், கோலைத் தோய்த்த நீரைத் தம் நோயுற்ற கால்நடைகளுக்கு வாங்கிச் சென்றனர். சீர்திருத்தத் திருச்சபையில் வளர்ந்தோரும் அவருள் இருந்திருப்பர் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. நமது கிராமச் சபைகளை அறிந்த எவருக்கும் இது புதுமையன்று.

1876இல் டொரண்டோவிலிருந்த பேராசிரியர் டேனியல் வில்சனின் முயற்சியால், முதியவரான அலெக்சாண்டர் டியூவர் கோலை ஸ்காட்லாந்தின் தொல்பொருள் கழகத்திற்குக் கொடுத்துப் பத்திரம் எழுதினார். இன்று அது எடின்பரோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. வெளியே காணப்படுவது பொன்முலாம் பூசிய வெள்ளிக்கூடு. அதனுள்ளே இருந்தது, 11ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் வெண்கலக் கோல்முனை. பின்வந்த கைவினைஞர் பழைய கோலின் சித்திரத் தகடுகளைப் பெயர்த்துப் புதிய கூட்டின்மேல் பதித்தனர். உள்ளிருந்த கோலில் அவ்விடங்கள் இன்றும் வெறுமையாகவே உள்ளன.