முள் குதித்தாலே பேட்டரி வாட்சா? காதுல வெச்சுப் பாருங்க!

விருதுநகர் மாவட்டம் ஆனைக்குட்டத்தில் ஒரு பழைய பீரோவைக் குடைந்தால், தாத்தா கட்டிய வாட்ச் கிடைக்கலாம். பெரும்பாலும் ஹெச்.எம்.டி.யாகத்தான் இருக்கும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூருவில் தொடங்கிய தயாரிப்பு அது. சாவி கொடுத்தால் விநாடி முள் வழுக்கிக்கொண்டு ஓடுவதுபோல் தெரியும். உற்றுப் பார்த்தால் விநாடிக்கு ஐந்து குட்டித் தாவல். மணிக்கு 18,000 துடிப்பு என்பது இந்தக் கணக்குதான்.

அபூர்வமாக, சாவி கொடுக்கும் வாட்சிலேயே முள் விநாடிக்கு ஒரே ஒரு தடவை குதிக்கும். ‘அட, பேட்டரி வாட்ச்தானே’ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சேகரிப்பாளர்கள் தேடி அலைவது இதைத்தான். பெயர் ‘டெட் பீட்’.

உள்ளே என்ன நடக்குது? வழக்கமான சக்கரங்களோடு கூடுதலாக ஒரு குட்டி ஸ்பிரிங்கும் கொக்கியும் இருக்கும். நான்கு துடிப்புவரை கொக்கி முள்ளைப் பிடித்து வைக்கும், ஸ்பிரிங் முறுக்கேறும். ஐந்தாவது துடிப்பில் விட்டுவிடும். முள் ஒரு விநாடியை மொத்தமாகத் தாவும். நாடி எண்ணுபவர்களுக்கு இது வசதி. 1950-களில் ரோலக்ஸ் ‘ட்ரூ-பீட்’, ஒமேகா ‘சிங்க்ரோபீட்’ என்று இதற்காகவே மெனக்கெட்டார்கள்.

அப்புறம் குவார்ட்ஸ் வந்தது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை போட்டது. பேட்டரியை மிச்சப்படுத்த அந்த வாட்சுகளில் முள் விநாடிக்கு ஒருமுறைதான் நகரும். சுவிஸ் கைவினைஞர்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த குதி, மலிவு வாட்சின் அடையாளமாகிப் போனது. வேடிக்கைதான்.

கண்ணை நம்பாமல் காதை நம்பலாம். குவார்ட்ஸ் என்றால் விநாடிக்கு ஒரு ‘டிக்’. டெட் பீட்டில் முள் ஒருமுறைதான் குதிக்கும். உள்ளே சத்தம் மட்டும் ‘டிக்டிக்டிக்’ என்று ஐந்து தடவை ஓடிக்கொண்டிருக்கும்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் டயலையும் கவனிக்கணும். அறுபது வருட வாட்சில் பளபளவென்று புது பெயின்ட் இருந்தால், அது மேலே அடித்த பூச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். முள் குதிப்பதைக் காட்டும் வீடியோவைச் சத்தத்தோடு கேளுங்க. பின்மூடியைத் திறந்த போட்டோவையும் கேளுங்க. காரணம் இருக்கு. உதிரிபாகம் கிடைக்காமல், சில ட்ரூ-பீட் வாட்சுகளில் ரிப்பேர்காரர்களே அந்தக் கூடுதல் பாகத்தைக் கழற்றிவிட்டார்கள். முள் சாதாரணமாக ஓடும், டயலில் பெயர் மட்டும் மிஞ்சும். உங்க கையில் உள்ளதை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, ‘குதிக்கிறது கோளாறு இல்லண்ணே, அப்படியே விட்டுடுங்க’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.