பெயர் தெரியாமல் திருத்தினால்

இந்திய நகரம் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசுத் தேர்வு ஒன்று நடந்தது. விடை எழுதியவர்கள் நிஜப் பிள்ளைகள், திருத்தியவர்கள் நிஜ ஆசிரியர்கள். முகப்புத் தாளில் இருந்த விவரம் மட்டும் நிஜமில்லை. வயது என்ன, ஆணா பெண்ணா, எந்தச் சாதி என்பதையெல்லாம் ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் குலுக்கல் முறையில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். உயர்சாதிப் பிள்ளை என்ற குறிப்போடு போகும் தாளுக்கும், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை என்ற குறிப்போடு போகும் தாளுக்கும் தரத்தில் வேறுபாடு இருக்கக் காரணமே இல்லை. ஆனால் மார்க்கில் வேறுபாடு இருந்தது. 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி ஒடுக்கப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்குக் கொஞ்சம் குறைவாகவே விழுந்தது.

கொஞ்சம்தான். திட்ட விலக்கக் கணக்கில் 0.03 முதல் 0.08 வரை. அரை மார்க்கில் பொறியியல் கவுன்சிலிங் வரிசை எங்கேயோ போய்விடும் ஊரில் இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று பெற்றோருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த ஆய்வில் வேறு இரண்டு செய்திகள் இருக்கின்றன, அவைதான் கூடுதலாக யோசிக்க வைப்பவை. முதலாவது, மார்க்கைக் குறைத்தவர்கள் பெரும்பாலும் உயர்சாதி ஆசிரியர்கள் அல்ல, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே. கெட்ட எண்ணம் கொண்ட யாரோ சிலர் செய்யும் வேலை இது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது ஒரு குட்டு. சமூகம் ஒரு பிள்ளையைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பு, அதே சமூகத்தால் ஒதுக்கப்பட்டவரின் மனதிலும் குடியேறிவிடுகிறது. இரண்டாவது, விடைத்தாள் கட்டின் தொடக்கத்தில் திருத்திய தாள்களில்தான் இந்த ஓரவஞ்சனை தூக்கலாகத் தெரிந்தது. எது நல்ல விடை, எது சுமார் என்று அளவு பிடிபடாத நேரத்தில் கண் முகப்புத் தாளில் துணை தேடுகிறது. கொஞ்சம் தாள்கள் பார்த்த பிறகு விடையே அளவுகோலாகிவிடுகிறது.

ஆக, ஆசிரியரின் மனதைத் தூய்மைப்படுத்துவதைவிட அவர் வேலை செய்யும் முறையை மாற்றுவது எளிது. பலனும் அதில்தான் அதிகம்.

பொதுத்தேர்வு வைப்பவர்களுக்கு இது எப்போதோ தெரியும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு மாணவரின் பெயரும் பள்ளியும் தெரியாதபடிதான் போகிறது. ஆனால் ஆண்டு முழுக்க நடக்கும் அலகுத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு எல்லாம் பெயர் எழுதிய தாள்களே. பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள 10 அகமதிப்பீட்டு மார்க்கைப் போடுபவர் அந்தப் பிள்ளையை முகம் பார்த்து அறிந்தவர். ஒரு பிள்ளை தன்னைப் பற்றி 'எனக்குக் கணக்கு வராது' என்று முடிவு கட்டுவது பொதுத்தேர்வில் அல்ல, ஏழாம் வகுப்பு அலகுத் தேர்வில். அங்கேதான் திரை இல்லை.

திரை போடுவது பெரிய காரியமும் அல்ல. பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லலாம். ஒரே வகுப்பின் இரண்டு பிரிவு ஆசிரியர்கள் கட்டை மாற்றிக்கொள்ளலாம். எல்லாருடைய முதல் கேள்வியையும் திருத்தி முடித்துவிட்டு இரண்டாவது கேள்விக்குப் போகலாம். முதலில் திருத்திய ஐந்தாறு தாள்களைக் கடைசியில் மறுபடி எடுத்துப் பார்க்கலாம். அந்த நகரத்து ஆய்வு சொன்ன தொடக்கக் கோளாறுக்கு இதுவே நேரடி மருந்து. கையெழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் ஆசிரியர்கள் உண்டு, ஓராசிரியர் பள்ளியில் கட்டை மாற்ற ஆள் கிடையாது என்பதெல்லாம் உண்மைதான். கட்டுரை நோட்டில் 'போன மாதத்தைவிட நன்றாக வந்திருக்கிறது' என்று எழுத, பிள்ளை யாரென்று தெரிந்துதான் ஆக வேண்டும். எல்லாத் தாளையும் மறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பெயரை மறைக்க முடியாத இடத்தில் மதிப்பெண் திட்டம் கைகொடுக்கும். அமெரிக்காவில் டேவிட் குவின் என்ற கல்வி ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதிய ஒரு சிறு பத்தியை 1,549 ஆசிரியர்களுக்குக் காட்டினார். பத்தியில் ஒரு சொல்தான் மாறும். பாதிப் பேருக்குப் போனதில் பிள்ளையின் சகோதரன் பெயர் 'டஷான்', கறுப்பினக் குடும்பங்களில் வழங்கும் பெயர். மீதிப் பேருக்குப் போனதில் 'கானர்', வெள்ளையர் வீட்டுப் பெயர். 'இந்த எழுத்து இரண்டாம் வகுப்புத் தரத்தில் இருக்கிறதா?' என்று பொதுவாகக் கேட்டபோது, டஷான் உள்ள பத்திக்கு 'இருக்கிறது' என்றவர்கள் ஏறக்குறைய ஐந்து சதவீதப் புள்ளி குறைவு. எதற்கு எத்தனை புள்ளி என்று வரையறுத்த அட்டவணையைக் கொடுத்துத் திருத்தச் சொன்னபோது அந்த இடைவெளி காணாமல் போனது. அதே ஆசிரியர் கூட்டம், அதே பத்தி. கேள்வி தெளிவானது, அவ்வளவுதான். நம் பள்ளிகளில் ப்ராஜெக்ட், செயல்பாடு என்று மார்க் போடும்போது 'மொத்தமாப் பார்த்தா ஒரு எட்டுப் போடலாம்' என்கிற பழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

விடைத்தாள் எண்ணிப் பார்க்கக் கிடைக்கும். வகுப்பறையின் மற்ற நேரம் அப்படிக் கிடைப்பதில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கடிகாரத்தோடு உட்கார்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியும் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர் கருதியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி, கடைசியில் வைத்தவர்களுக்கு ஒரு விநாடிக்கும் குறைவு. யோசிக்க அதிக நேரம் தேவைப்படுபவருக்கு நேரத்தைக் குறைத்துவிட்டு, 'பார், அவனுக்குத் தெரியவில்லை' என்று அடுத்தவரிடம் போகிறோம். மூன்று விநாடி காத்திருக்கப் பழகிய ஆசிரியர்களின் வகுப்பில் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள்.

எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்துக் கேள்வி கேட்கும் ஆசிரியர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். சக ஆசிரியரை ஒரு பீரியட் பின்னால் உட்காரவைத்து, இருக்கைப் படத்தில் யாரிடம் எத்தனை கேள்வி போனது என்று கோடு போடச் சொல்வது இன்னும் நல்லது. தலைமை ஆசிரியர் உட்கார்ந்தால் அது ஆய்வாகிவிடும், எல்லாரும் ஒழுங்காகிவிடுவார்கள். நண்பர் உட்கார வேண்டும்.

தப்பைத் தேடும் கண்ணுக்கும் சாய்வு உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் குழு 2016இல் 135 மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வீடியோவைக் காட்டி, 'குறும்பு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்' என்றது. வீடியோவில் குறும்பே கிடையாது. ஆசிரியர்களின் விழி எங்கே நிற்கிறது என்று கருவி குறித்துக்கொண்டது. வீடியோவில் இருந்த பிள்ளைகளில் கறுப்பினச் சிறுவன் மீதே அது அதிக நேரம் நின்றது. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் சத்தம் கேட்டதும் நம் கண் யார் பக்கம் திரும்புகிறது என்பதை யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் ஒருநாள் பயிற்சி வகுப்பு வைத்தால் போதாதா? போதவில்லை. மனச்சாய்வைக் குறைக்கும் முயற்சிகள் பற்றிய 492 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019இல் வெளியான அலசல், அதை அளக்கும் சோதனையில் சாய்வு குறைவதால் மட்டும் நடத்தை மாறிவிடுவதில்லை என்றது. ஆனால் தகவல் சரியான நேரத்தில் வந்தால் கதை வேறு. இத்தாலியில் குடியேறியவர்களின் பிள்ளைகள் மீது தங்களுக்குள்ள மறைமுகச் சாய்வைக் கணினிச் சோதனை காட்டிய பிறகு, மார்க் போடுவதற்கு முன்பே முடிவைத் தெரிந்துகொண்ட ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் மார்க் போட்டார்கள். பேனா கையில் இருக்கும்போது வந்த எச்சரிக்கை என்பதால் அது வேலை செய்திருக்கலாம்.

முத்திரை விழும் காலமும் முக்கியம். ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையின் படிப்பை மாற்றுமா என்று சோதித்த ஆய்வுகளை 1984இல் ஸ்டீபன் ராடன்புஷ் தொகுத்தார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் பழக்கம் இரண்டு வாரத்துக்குள் இருந்தபோதுதான் வெளியிலிருந்து வந்த கருத்து பலித்தது. அதற்குமேல் பழகியவர்கள் தாங்கள் கண்டதையே நம்பினார்கள். ஜூன் மாத ஸ்டாஃப் ரூமில் 'அவனா? அவங்க அண்ணனும் இப்படித்தான் சார்' என்று தொடங்கும் பேச்சு ஒரு பிள்ளையை எவ்வளவு பாதிக்கும் என்பதை இதிலிருந்து கணக்கிடலாம். மெல்லக் கற்போர் பட்டியல் எழுதவே வேண்டுமானால், புது ஆசிரியர் தானே ஒரு மாதம் பார்த்துவிட்டு எழுதட்டும், பென்சிலால்.

சாதி விஷயத்தில் ஆசிரியர் வாய் திறந்து திட்டக்கூட வேண்டியதில்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்து உயர்சாதி, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களிடம் புதிர்ப் பாதைகளைக் கொடுத்து விடுவிக்கச் சொன்னார்கள். சாதி சொல்லப்படாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமம். எல்லார் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்தபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது.

வகுப்பில் சாதி ஒலிக்காமல் இருக்கத் தமிழ்நாட்டிலேயே பரிந்துரைகள் வந்திருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைத் தமிழ்நாடு அரசு ஒருநபர் குழுவாக அமர்த்தியது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கையில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றிய பரிந்துரைதான் செய்தியில் அதிகம் அடிபட்டது. வகுப்பறைக்குள் நுழையும் பரிந்துரைகள் சத்தமில்லாமல் இருக்கின்றன: வருகைப் பதிவேட்டில் சாதிக்கான இடமே இருக்கக்கூடாது, மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், ஆசிரியர் நேராகவோ சுற்றிவளைத்தோ சாதியைச் சொல்லி யாரையும் அழைக்கக்கூடாது. 'எஸ்சி ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க' என்று வகுப்பு நடுவே ஒலிக்கும் குரலுக்கும் அதில் மாற்று உண்டு. உதவித்தொகை பற்றிய செய்தியைத் தலைமை ஆசிரியர் தன் அறைக்கு அழைத்துச் சொல்ல வேண்டும் என்கிறது அறிக்கை.